வாய் திறக்க வைக்கும் வரவேற்பு மேசை

நேயர்களுக்கு வணக்கம்.

சுற்றுலாத் துறை படிக்கும் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. பாடம் புரிகிறது, தேர்வும் எழுதுகிறார்கள். பேசச் சொன்னால்தான் நா எழுவதில்லை. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குடும்பப் பிள்ளைகளிடமும் மெரில் ஸ்வெய்ன் என்ற மொழியியலாளர் இதையே கண்டார். பல ஆண்டு கேட்டும் படித்தும் பிரெஞ்சை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள், பேச்சில் பின்தங்கியிருந்தார்கள். கேட்டால் மட்டும் போதாது, பேசியாக வேண்டும் என்று 1985-இல் அவர் எழுதினார்.

பேசியே தீர வேண்டிய அந்தக் கட்டாயம், ஹோட்டலில் வேலை பழகும் இன்டர்ன்ஷிப்பில் வந்துவிடுகிறது. ஹோட்டலுக்குத் தொலைபேசி வருகிறது. அறை எண் ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். "ஒன் ஃபைவ்?" என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டு உறுதிசெய்யப் பழகுகிறார் மாணவர். பெயரில் வருவது பி-யா டி-யா என்று குழம்பினால், விமானத் துறையில் எழுத்துக்கு ஒரு சொல் வைத்துச் சொல்வதுபோல B-க்கு பிராவோ, D-க்கு டெல்டா என்று சொல்லிச் சரிபார்க்கிறார். புரியாதபோது சும்மா தலையாட்டாமல் திரும்பக் கேட்கிற துணிச்சல் இருக்கிறதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வகுப்பில் தலையாட்டித் தப்பிக்கலாம். இங்கே தலையாட்டினால் சாப்பாடு வேறு அறைக்குப் போய்விடும்.

வருகிறவர்களும் எல்லாரும் இங்கிலாந்துக்காரர்கள் அல்ல. கொரியரும் பிரேசில்காரரும் சொல் கிடைக்காமல் திணறுவதைப் பார்த்ததும் மாணவரின் கூச்சம் பாதி குறைந்துவிடுகிறது.

ஆனால் படுக்கை விரிப்பு எண்ணும் இடத்திலேயே ஒருவரைக் கடைசி வரை வைத்திருந்தால் இதெல்லாம் எப்படி நடக்கும்? இது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். விருந்தினரோடு பேசும் வேலை எத்தனை வாரம் என்பதைக் கல்லூரிகள் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். முதலில் மாணவர் மூத்த ஊழியரின் பக்கத்தில் நின்று கவனிக்கட்டும், அப்புறம் செக்-இன் பார்க்கட்டும். புகார் கேட்பதைக் கடைசியில் கொடுங்கள். கோபத்தில் இருப்பவர் வேகமாகப் பேசுவார், மனப்பாட வாக்கியம் அங்கே உதவாது.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஷிப்ட் மாறும்போது, நடந்ததை அடுத்து வருபவரிடம் மாணவரையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். 204-இல் ஏசி ஓடவில்லை, ஆள் வந்து பார்த்தாயிற்று, விருந்தினர் வேறு அறை கேட்கிறார். இவ்வளவுதான், இரண்டு நிமிடப் பேச்சு. இதைத் தினமும் செய்ய வையுங்கள்.

நன்றி, வணக்கம்.