1913: நோட்டர் டேமை வெல்ல வைத்தது பயிற்சியே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் 1913-ஆம் ஆண்டு நோட்டர் டேம் கல்லூரி பெற்ற வெற்றிக்குப் பெரிதும் காரணம் விதிமாற்றமா, பயிற்சியா என்பது இந்த விவாதத்தின் தலைப்பு. பயிற்சியே என்பது எங்கள் அணியின் கட்சி.

இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் அன்று அது ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரி. நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் போய், அமெரிக்க ராணுவக் கல்லூரி அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 35–13 என்று வீழ்த்தியது. பந்தை முன்னால் எறிந்து ஓடிப் பிடிக்கும் பாஸ்தான் அன்று வென்றது. இதுவரை எதிரணியோடு எங்களுக்குச் சண்டையில்லை.

எதிரணித் தலைவர் 1912-இல் வந்த மாற்றங்களை அடுக்கினார். பாஸ் 20 கஜத்தைத் தாண்டக்கூடாது என்ற தடை போயிற்று. கோல் கோட்டுக்குப் பின்னால் 10 கஜ எல்லைப்பகுதி வந்தது. அங்கே பந்தைப் பிடித்தாலும் டச்டவுன், அதாவது பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்துப் பெறும் புள்ளிகள். 10 கஜம் முன்னேற இருந்த மூன்று வாய்ப்பு நான்கானது. அத்தனையும் சரி. ஆனால் ராணுவ அணியும் அதே விதிப்புத்தகத்தை வைத்துத்தானே ஆடியது? இரு தரப்புக்கும் பொதுவான ஒன்று, ஒரு தரப்பின் வெற்றிக்கு மட்டும் எப்படிக் காரணமாகும்?

இன்னும் பின்னால் போகிறேன். பாஸ் சட்டபூர்வமானது 1906-இல். அன்றைய விதி கொடுமையானது: எறிந்த பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால், அது எதிர்த்து ஆடும் அணிக்குப் போய்விடும். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று கேரல் கல்லூரிக்கு எதிராக செயின்ட் லூயிஸ் அணியின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பாஸுக்கு அந்தக் கதிதான். அதே ஆட்டத்தில் மறுபடி எறிந்தார், ஜாக் ஷ்னைடர் பிடித்தார், டச்டவுன். அந்த சீசனில் ஆடிய 11 ஆட்டங்களையும் செயின்ட் லூயிஸ் வென்றது. பயிற்சியாளர் எடி கோச்செம்ஸ் சீசனுக்கு முன்பே அணியை விஸ்கான்சினின் பியூலா ஏரிக்கு அழைத்துப்போய்ப் பாஸ் பழக்கியிருந்தார். விதி எதிராக இருந்தபோதே பழகியவர்கள் வென்றார்கள் என்பதற்கு எதிரணி பதில் சொல்லியாக வேண்டும்.

1913 கோடையில் ஈரி ஏரிக்கரையில், சீடார் பாயிண்ட்டில், ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கஸ் டோரேயும் அணித்தலைவர் நூட் ராக்னேயும் வேலைக்குப் போனார்கள். ஓய்வு நேரமெல்லாம் மணலில் பந்துதான். அன்றைய பந்து பருமன். நடுச்சுற்றளவு 22½ முதல் 23 அங்குலம். உள்ளங்கையில் அள்ளி எறிந்தால் தள்ளாடும், தூரம் போகாது. முனைப்பக்கம் பற்றி, தையல் கயிற்றில் விரலைப் பதித்து, விடும்போது சுழற்ற வேண்டும். பிடிப்பது அதைவிடக் கடினம். நின்றுகொண்டு வயிற்றோடு அணைத்துப் பிடிப்பதே அன்றைய வழக்கம். நின்றவனை எதிராளி அங்கேயே சாய்த்துவிடுவான். மார்பில் பட்ட பந்து தெறித்தும் போகும். ராக்னே முழு வேகத்தில் ஓடியபடியே, விரல்களைத் தளர்த்தி, பந்து வரும் போக்கிலேயே கையைப் பின்வாங்கிப் பிடிக்கப் பழகினார். அவர் எட்டப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே எறிய டோரே பழகினார். எறிபவர் லைனுக்கு, அதாவது பந்து ஆட்டத்துக்கு வரும் கோட்டுக்கு, 5 கஜமாவது பின்னால் நிற்கவேண்டும் என்பதும் அன்றைய விதி. ஓட்டத்தின் வேகமும் எறிதலின் நேரமும் கொஞ்சம் பிசகினாலும் பாஸ் பாழ். இதை எந்த விதிப்புத்தகம் கற்றுக்கொடுக்கும்?

வெஸ்ட் பாயிண்ட்டில் பலன் தெரிந்தது. டோரே எறிந்த 17 பாஸில் 14 கைசேர்ந்தன, 243 கஜம். ராணுவ அணியும் சளைக்கவில்லை. இடைவேளையில் 14–13 தான். இரண்டாம் பாதியில் பாஸுக்கு அஞ்சி அவர்களின் தடுப்பு அகலப் பரந்தது. நடுவில் விழுந்த இடைவெளியில் பந்தோடு ஓடி முன்னேறும் ஃபுல்பேக் ரே ஐக்கன்லாப் புகுந்தார். பயிற்சியாளர் ஜெஸ்ஸி ஹார்ப்பரின் ஆட்டத்திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இந்த இணைப்பைத்தான்: பாஸ் ஓட்டத்துக்கு வழி திறந்தது, ஓட்டம் பாஸைக் காத்தது.

"புதுமையால் திகைக்கவைத்து வென்றார்கள்" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். திகைப்பு ஒரு நாளைக்குத்தான். வெஸ்ட் பாயிண்ட் ஆட்டத்துக்குப் பிறகு ரகசியம் ஏது? அதன் பின்னும் பென் ஸ்டேட்டை 14–7, செயின்ட் லூயிஸ் கிறிஸ்டியன் பிரதர்ஸை 20–7, டெக்சாஸை 30–7 என்று வென்று, ஆடிய ஏழிலும் தோல்வியின்றி அந்த சீசனை முடித்தார்கள். தீர்ப்பு எழுதும்போது அந்தக் கடைசி மூன்று ஆட்டங்களையும் நடுவர் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டுகிறேன். நன்றி.