மோசமான படம் எது?

வணக்கம். போன மாதம் ஒரு கலியாண வீட்டில், பந்தி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் பெடியள் நாலைந்து பேருக்குள் ஒரு வாக்குவாதம் தொடங்கியது. உலகத்திலேயே மோசமான படம் எது? ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், சத்தம் கூடியது, பொம்பிளை வீட்டு ஐயா ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. அன்றைக்கு அந்தச் சத்தத்துக்குள் நான் சொல்ல முடியாமல் போனதை இன்றைக்கு உங்களோடு கதைக்க வந்திருக்கிறேன்.

முதலில், ஓடாத படம் மோசமான படம் என்ற கதையை விட்டுவிடுவோம். 2003 பொங்கலுக்கு வந்த அன்பே சிவம் அப்போது ஓடவில்லை. இன்றைக்கு அதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! எங்கள் ஊரிலேயே பாருங்கள், 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் வைத்து, எங்கள் சாதியையும் சீதனத்தையும் பற்றி, பொன்மணி என்று ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். அப்போது சனம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இப்போது இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பற்றிக் கதைக்கிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்காவில் மோசமான படங்களுக்கு என்றே ராஸி விருது கொடுக்கிறார்கள், 1981இல் முதல் தடவை கொடுத்தபோது மோசமான இயக்குநர் பட்டியலில் ஸ்டான்லி கியூப்ரிக்கின் பெயர் இருந்தது. இன்றைக்கு மிகச் சிறந்த பேய்ப்படங்களில் ஒன்று என்று கொண்டாடுகிற ஷைனிங் படத்துக்காக! அவசரமாகச் சொல்கிற தீர்ப்புக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சரி, அப்புறம் எடுக்கத் தெரியாமல் எடுத்த படங்கள். மோசமான படம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்க இயக்குநர் எட் வூட் எடுத்த பிளான் நைன் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்தான். டிராகுலாவாக நடித்துப் பேர் வாங்கிய பெலா லுகோசியை வைத்துக் கொஞ்சக் காட்சிகள் எடுத்திருந்தார்கள், 1956இல் அவர் இறந்துபோனார். வூட் அந்தக் காட்சிகளை வீசவில்லை. தன் மனைவிக்கு முதுகு வைத்தியம் பார்த்தவரைக் கூட்டி வந்து, போர்வையால் முகத்தை மறைக்கச் சொல்லி, மிச்சப் படத்தை எடுத்து முடித்தார். அந்த ஆள் லுகோசியை விட உயரம், பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். 1980இல் மெட்வெட் சகோதரர்களின் புத்தகம் ஒன்று, இதுதான் உலகத்தின் மிக மோசமான படம், இவர்தான் மிக மோசமான இயக்குநர் என்று அறிவித்தது. வூட் அதைப் பார்க்கவில்லை. 1978 டிசம்பரில், வாடகை கட்ட முடியாமல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட சில நாட்களில் அவர் இறந்துவிட்டார். எனக்கு இதைக் கேட்டுச் சிரிக்க வரவில்லை.

1966இல் டெக்சாஸில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஹரல்ட் வாரன் என்பவர், தன்னாலும் ஒரு பேய்ப்படம் எடுக்க முடியும் என்று பந்தயம் கட்டி மேனோஸ் என்ற படத்தை எடுத்தார். கையால் சாவி கொடுக்கிற கமரா, ஒரு தடவையில் 32 செக்கன்தான் ஓடும். குரல் எல்லாம் பிறகு இரண்டு மூன்று பேராகப் பேசிச் சேர்த்தது. படம் பார்க்க முடியாதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே இரவல் கமராவோடு வெயிலில் அலைந்து குறும்படம் எடுக்கிற பெடியளை எனக்குத் தெரியும். கையில் ஒன்றும் இல்லாமல் தொடங்கி ஒரு படத்தை முடிக்கிறவனை உலகத்திலேயே மோசமானவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. தியேட்டர் இல்லை, பெற்றோல் இல்லை. யாராவது ஒருவர் வீட்டில் ரிவியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரை நாலு சொட்டுப் பெற்றோலில் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி முற்றத்தில் படம் போடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்ப்பது, பாயைச் சுருட்டிக்கொண்டு ஒழுங்கையால் போவது. ஒரு இரவுக்கு மூன்று படம். முதல் படம் எல்லாரும் கேட்டது, இரண்டாவது ரஜினி அல்லது கமல், மூன்றாவது வீடியோக் கொப்பி வாடகைக்குக் கொடுக்கிறவர் சும்மா சேர்த்துக் கொடுத்த ஏதோ ஒன்று. விடியப்புறம் மூன்று மணிக்கு ஓடும் அந்த மூன்றாவது படம் அநேகமாகப் படுமோசமாக இருக்கும், கதை இருக்காது, நிறம் பிரிந்து கோடு கோடாக ஓடும். ஆனால் ஒருவரும் எழும்பிப் போனதில்லை. மண்ணெண்ணெய் என்ன விலை விற்ற காலம் அது! அந்தப் படங்களில் ஒன்றின் பெயர்கூட இப்போது ஞாபகம் இல்லை, ஆனால் அவை எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

தீங்கு செய்த படம் என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் சொல்வேன். 1915இல் அமெரிக்காவில் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த பர்த் ஒஃப் எ நேஷன். அந்தக் காலத்தில் அப்படி ஒரு படத்தை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. மூன்று மணித்தியாலம், நூற்றுக்கணக்கான சனம், போர்க்களம், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடப்பதை மாறி மாறிக் காட்டி நெஞ்சைப் படபடக்க வைக்கிற வெட்டு. இன்றைக்கும் சினிமா படிப்பிக்கிற இடங்களில் அதைக் காட்டுகிறார்கள். அந்தத் திறமை எல்லாம் எதற்குப் போனது? கறுப்பின மக்களை மிருகங்களாகக் காட்டுவதற்கு. முக்கியமான கறுப்புப் பாத்திரங்களில் வெள்ளைக்காரர் முகத்தில் மை பூசி நடித்தார்கள். கறுப்பின மக்களைக் கொன்று திரிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டம் அதில் காப்பாற்ற வருகிற வீரர்கள். வெள்ளை மாளிகையிலேயே திரையிட்டார்கள். கறுப்பின மக்களின் அமைப்புகள் தெருவில் இறங்கி எதிர்த்தன. பல வருடங்களுக்கு முன்பே அழிந்துபோயிருந்த அந்தக் கூட்டம் அதே 1915இல் ஜோர்ஜியாவில் மறுபடி தொடங்கப்பட்டது, ஆள் சேர்க்கவும் இந்தப் படத்தையே காட்டினார்கள்.

வூட்டின் படத்தைப் பார்த்து யாரும் பக்கத்து வீட்டுக்காரனை அடிக்கவில்லை.

கலியாண வீட்டில் இதைச் சொல்லத் தொடங்கியபோது என் நண்பன் ஒருவன், "மச்சான், நூறு வருசத்துக்கு முந்தின அமெரிக்கப் படத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களைப் பற்றி வேறு ஆட்கள் எடுத்த படங்களில் நாங்களும் எங்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே ஒருவரும் கதைக்காத ஒரு தமிழை யாழ்ப்பாணத் தமிழ் என்று கதைப்பார்கள், ஒரு குண்டு வெடிக்கும், ஒரு பிள்ளை அழும், அடுத்தது பாட்டு. பார்த்து முடித்தபோது எனக்கு வந்த கோபம் ஒரு ஆட்டம் காணும் கமராவையோ போர்வையால் மறைத்த முகத்தையோ பார்த்து ஒருநாளும் வந்ததில்லை. அதற்காக அவற்றை கிரிஃபித்தின் படத்தோடு சேர்த்து வைக்க மாட்டேன், அவை கவனக்குறைவு, இது வெறுப்பு. அளவு வேறு.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய ஊமைப்படம் ஒருவரையும் ஒன்றும் செய்யாது என்றான். அப்படியென்றால் முழுதாகப் பார்த்துவிட்டு வா, கதைப்போம் என்றேன்.

முந்தாநாள் இரவு கோல் எடுத்தான். கடைசியில் குதிரைகள் வருகிற இடத்தில், அவர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தன்னை அறியாமல் நினைத்துவிட்டதாகச் சொன்னான். யார் அந்தக் குதிரைகளில் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டே நினைத்தானாம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.