கரண்ட் போனாத்தான் அப்பாவுக்குக் கேக்கும்

(காட்சி: கொல்லையில் ரெண்டு தென்னைக்கு நடுவே செம்புக் கம்பி)

மன்னார்குடி பக்கம் எங்க வீட்டுக் கொல்லை இது. இந்தக் கம்பியில யாராவது துணி காயப்போட்டா அப்பாவுக்கு உசுரு போயிடும். மொத்தம் 66 அடி, அதாவது 20 மீட்டர். நடுவுல வெட்டி, அங்கேருந்து ஒரு கேபிள் அவர் ரூமுக்குப் போகுது. இது ஹாம் ரேடியோ ஆன்டெனா. ஹாம் ரேடியோன்னா, வீட்டுல இருந்தே தூரத்து ஆளுங்ககூட பேசுற பொழுதுபோக்கு ரேடியோ. அப்பா பேசுற 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில அலைநீளம் ஏறக்குறைய 40 மீட்டர். அதுல பாதி இந்தக் கம்பி.

ஒரு முனையை மரத்துல கட்டல பாருங்க. கப்பி வழியா ஒரு செங்கல் தொங்குது. காத்துல ரெண்டு தென்னையும் ஆளுக்கொரு பக்கம் ஆடும். செங்கல் ஏறி இறங்கும், கம்பி அறாது.

(காட்சி: அயனி மண்டல வரைபடம்)

நம்ம தலைக்கு ரொம்ப மேல, வெயில்பட்டு மின்னூட்டம் ஏறின காத்து அடுக்கடுக்கா இருக்கு, அதுதான் அயனி மண்டலம். பகல்ல அதுல டி லேயர்னு ஒரு கீழ் அடுக்கு, சாய்வா போற அலையை உறிஞ்சிடும். நெட்டுக்கு மேல போறது மட்டும் தப்பிச்சு, அதுக்கும் மேல இருக்கிற எஃப் லேயர்ல பட்டுத் திரும்பும். அதனால திருச்சி, பெங்களூர் கேக்கும். அதுக்கு மேல கஷ்டம். பொழுது சாஞ்சதும் டி லேயர் கலைஞ்சிடும். டெல்லி வரும், வெளிநாடு வரும். ராத்திரி ஏற ஏற, நெட்டுக்கு மேல போறது பல நாள் திரும்பாது, பக்கத்துல இருக்கிற திருச்சியைத்தான் காணோம்!

(காட்சி: கூடத்து எல்இடி பல்பு)

ஆனா அப்பாவோட பெரிய எதிரி வானத்துல இல்ல, இதோ இந்த பல்புதான். மலிவான எல்இடி, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாத்துக்குள்ளயும் மின்சாரத்தை வேகமா வெட்டி வெட்டி விடுற சர்க்யூட் இருக்கு. அது ரேடியோவுல 'கர்ர்ர்'னு இரையும். தூரத்துக் குரல் அதுல அமுங்கிப் போகும்.

கண்டுபிடிக்கிற வேலை அம்மாவோடது. அப்பா செட்டை 12 வோல்ட் பேட்டரிக்கு மாத்திட்டு ஹெட்ஃபோன் போட்டுக்குவார். அம்மா மெயினை அணைச்சிட்டு, மறுபடி போட்டு, ஒவ்வொரு சுவிட்சா தட்டிக்கிட்டே வருவாங்க. "இதா?" "இல்ல." "இது?" "அதேதான், அணை!" மாட்டினது சாமி ரூம் பல்பு. அதோட வயரை, இரைச்சலைத் தடுக்கிற ஃபெரைட்னு ஒரு வளையத்துல நாலு சுத்து சுத்தினதும் இரைச்சல் பாதியாச்சு.

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறிச்சு. எங்க ரெண்டு தென்னையும் சாஞ்சிடுச்சு. இப்ப பாக்குறது வேற மரங்க. அப்பா மூங்கில் நட்டு, கம்பியை ஏத்தி, பேட்டரியில உக்காந்தார். சுத்துவட்டாரத்துல எங்கயும் கரண்ட் இல்ல. ரேடியோ அவ்வளவு சுத்தமா கேட்டுச்சாம். அதை அம்மாகிட்ட பெருமையா சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்.

உரிமம் இல்லாம பேச முடியாது. மத்திய அரசு நடத்துற தேர்வை 12 வயசு ஆனவங்க எழுதலாம். பாஸானா 'விக்டர் யூனிஃபார்ம்'னு, அதாவது VU-னு தொடங்குற அழைப்புக்குறி கிடைக்கும், அதுதான் ரேடியோவுல நம்ம பேரு. என் பொண்ணு இப்பவே தாத்தா மடியில நோட்டு வெச்சு சர்க்யூட் வரையுறா.

புது ஆன்டெனா ஏத்துறதை அடுத்த வீடியோல காட்டுறேன். இப்ப ஐப்பசி, இடி இடிச்சா அப்பா முதல்ல கேபிளைத்தான் கழட்டுவார். மழை விடட்டும்னு சொல்லியிருக்கார்.