நடந்துகொண்டே ஏலம்

நேயர்களுக்கு வணக்கம். நான் இயன்முறை மருத்துவர். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை.

காசிமேட்டில் பல ஆண்டுகள் மீன் ஏலம் விட்ட பெரியவர் ஒருவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து, சில மாதங்களில் தடியில்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார். வீட்டார் நிம்மதியாக இருந்தார்கள். ஒருநாள் அவர் கூடத்தைக் கடக்கும்போது மகள் அடுப்படியிலிருந்து, "அப்பா, மாத்திரை போட்டுக்கொண்டாயா?" என்றார். பெரியவர் நின்றார். சுவரைப் பிடித்தார். யோசித்து, "போட்டேன்" என்று சொன்ன பிறகுதான் அடுத்த அடி வைத்தார்.

எனக்கு அந்த நிற்றல்தான் முக்கியம். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னால் அதிகம் விழுகிறார்கள் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 1997-லேயே எழுதினார்கள். நமக்கெல்லாம் கால் தன்போக்கில் நடக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கோ ஒவ்வொரு அடிக்கும் கவனம் செலவாகிறது. கேள்வி வந்தால் பதிலுக்கும் அதே பணப்பையிலிருந்துதான் எடுக்க வேண்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைத்தெருவில் ஆட்டோ ஹாரனையும் பேரத்தையும் தாண்டி யார் மௌனமாக நடக்க முடியும்? அமைதியான அறையில் மட்டும் பழகிய நடை அங்கே உதவாது.

முதலில் உடம்பு. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று பலவீனமான காலில் எடையை மாற்றுவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. பிடிக்காமல் நிற்க வந்த பிறகே மனக்கணக்கு. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். எங்கள் பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்று கோபித்துக்கொண்டார். நியாயந்தான். "சரி, வஞ்சிரம் ஒரு கூடை, 5,000-த்தில் ஆரம்பியுங்கள், 150 ஏற்றிக்கொண்டே நடங்கள்" என்றேன். குரலே மாறிவிட்டது! 150 ஏற்றுவது பாட்டுப்போல் பழகிவிட்டால் மூளைக்கு வேலை இல்லை. அதனால் நடுவில் 150-ஐ 130 ஆக்குவேன். விலை தவறினால் விட்டுவிடுவேன். கால் தவறினால் கணக்கைச் சுலபமாக்குவேன்.

வாரம் ஒருமுறை ஒரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். ஒருதடவை சும்மா, ஒருதடவை கணக்கோடு. இரண்டு நேரத்தையும் மகள் நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைக்கிறார்.

துணை நிற்பவர் பலவீனமான பக்கம், சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். இடுப்பைப் பிடியுங்கள், செயலிழந்த கையை இழுத்தால் தோள்மூட்டு நழுவும். நடைவழியில் தண்ணீர்க் குடங்கள் வேண்டாம். நம் பகுதி வீடுகள் குறுகல் என்று குறைப்படுவோம். இந்தப் பயிற்சிக்கு இருபுறமும் கைக்கெட்டும் சுவர் நல்லதுதான். திடீரென வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.

இப்போது மகள் கேட்டால் பெரியவர் நடந்தபடியே பதில் சொல்கிறார். திரும்பும்போது மட்டும் இன்னும் நிற்கிறார். அடுத்த வாரம் அதில்தான் வேலை.