நிம்மதியே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஜப்பானின் அனிமே எனும் அசைபடக் கலையை வளர்த்தது நெருக்கடியா, நிம்மதியா? நிம்மதியே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், ஜப்பானியப் படக்கதை ஓவியர் தெசுகா ஒசாமுவைத் துணைக்கு அழைத்தார். 1963 ஜனவரி 1-ஆம் தேதி அவருடைய 'டெட்சுவான் ஆட்டம்' என்ற அனிமே தொடர் தொலைக்காட்சிக்கு வந்தது. வாராவாரம் அரைமணி நேரம். காசும் இல்லை, ஆளும் இல்லை. திரையில் வினாடிக்கு 24 படம் ஓட வேண்டும். எட்டே படம் வரைந்து ஒவ்வொன்றையும் மூன்று முறை காட்டினார்கள். உடம்பை நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைத்தார்கள். வரைந்ததை எடுத்துவைத்து மறுபடியும் பயன்படுத்தினார்கள். "அந்தத் தட்டுப்பாட்டில்தானே ஜப்பானுக்கே உரிய பாணி பிறந்தது!" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார்.

படத்தைக் குறைத்தது கலைதான், ஒத்துக்கொள்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தினால் பார்ப்பவர் மனசு ஓடும் என்று தெரிந்து நிறுத்தினார்கள். ஆனால் விலையைக் குறைத்தது எந்தக் கலை, ஐயா? செலவுக்கே கட்டாத விலைக்குத் தெசுகா தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டு, நாயகனின் படத்தைப் போட்டு விற்ற மிட்டாய்க் கம்பெனியிலிருந்து வந்த உரிமைப் பணத்தில் ஓட்டையை அடைத்தார். அவருடைய முஷி புரொடக்‌ஷன் என்ற ஸ்டுடியோ 1973-இல் திவாலானது. குறைந்த காசுக்குப் படம் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்குத் தொலைக்காட்சி, பதிப்பகம், பொம்மைக் கம்பெனி எல்லாம் தயாரிப்புக் குழுவாகச் சேர்ந்து காசு போடுகின்றன. உரிமை அவர்களுக்கு. வரையும் ஸ்டுடியோவுக்குப் பெரும்பாலும் பேசிய தொகையோடு சரி.

கடைசியில் யார் தலையில் விடிகிறது? முக்கியமான நிலைகளை ஒருவர் வரைவார். அவற்றுக்கு நடுவே வரும் படங்களை வரைவது இன்னொருவர், பெரும்பாலும் இளம் பிள்ளை. அடியில் விளக்கெரியும் மேசை. விரலிடுக்கில் தாள்களைச் செருகி, புரட்டிப் புரட்டி அசைவு சரியா என்று பார்க்க வேண்டும். கூலி தாளுக்கு ஏறக்குறைய 200 யென். கவசம் பூட்டிய குதிரைவீரனும் ஒரு தாள். மூடிய வாய் திறப்பதும் ஒரு தாள்! ஜப்பான் அனிமேஷன் கலைஞர்கள் சங்கம் 2013-ஆம் ஆண்டு வருமானத்தைக் கணக்கெடுத்தபோது, இடைப்படம் வரைபவரின் சராசரி வருஷத்துக்குச் சுமார் 11 லட்சம் யென். மாதம் ஒரு லட்சம்கூட வரவில்லை. டோக்கியோவில் வாடகை கொடுக்க வேண்டிய அந்தப் பிள்ளை குதிரையை ரசித்து வரையுமா, சீக்கிரம் முடித்து அடுத்த தாளை எடுக்குமா?

அதே முஷியில் வண்ணம் பூசிய பெண்மணி ஹத்தா யோகோ. கல்யாணமாகி கியோட்டோ பக்கம் போனவர், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வண்ணம் பூசும் வேலையை எடுத்துச் செய்தார். 1981-இல் தொடங்கிய அந்த வேலைதான் கியோட்டோ அனிமேஷனாக வளர்ந்தது. அங்கே வரைபவருக்கு மாதச் சம்பளம்; சொந்தப் பயிற்சிப் பள்ளி; கூடியவரை எல்லா வேலையும் வீட்டுக்குள்ளேயே. 2016-இல் வந்த அவர்களுடைய 'கோயே நோ கதாச்சி' படத்தைப் பாருங்கள். காது கேளாத பெண் சைகை மொழியில் பேசுகிறாள். ஒரு விரல் தப்பினால் பொருளே மாறிவிடும். கையைச் சட்டகத்துக்கு வெளியே விட்டு, முகத்தை மட்டும் காட்டித் தப்பித்திருக்கலாம். அவர்கள் விரல் விரலாக வரைந்தார்கள். பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்தவருக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகுமா?

"மாதச் சம்பளம் தந்து நிம்மதி கொடுத்த கிப்லி ஸ்டுடியோவும் 2014-இல் தயாரிப்புப் பிரிவைக் கலைத்ததே" என்று எதிரணியினர் கேட்பார்கள். கலைத்தது உண்மை. மாதச் சம்பளம் பெரிய சுமை. ஆனால் அந்தச் சுமையைச் சுமந்த காலத்தில்தான் 2003-இல் ஆஸ்கர் வந்தது. அதே காலத்தில்தான், 2013-இல் வெளிவந்த 'கசே தாச்சினு' படத்துக்காக, கூட்டம் நகரும் நாலே வினாடிக் காட்சியை ஒரு கலைஞர் ஒரு வருஷம் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தார். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நடை!

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. தாள் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில், நாலு வினாடிக்கு ஒரு கலைஞரை அத்தனை மாதம் உட்காரவைத்துச் சோறு போட்ட ஸ்டுடியோ எது? பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.