கடைசி பஸ்ஸை எடுத்தால் மதிய பஸ்ஸும் போகும்

வணக்கம். "ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் பக்கம் பஸ்ஸே கிடையாது. பஸ்ஸுக்கென்று கொடுக்கிற மானியமெல்லாம் எங்கேதான் போகிறது?" இந்தக் கேள்வியை உங்களில் நிறையப் பேர் வெவ்வேறு விதமாகக் கேட்டுவிட்டீர்கள். இன்றைக்கு முழுக்க அதுதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு நடை எப்படி நிற்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். ஒவ்வொரு நடைக்கும் கலெக்‌ஷன் எவ்வளவு என்று டிப்போவில் கணக்கு இருக்கும். பணத் தட்டுப்பாடு வரும்போது அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அடியிலிருந்து பார்ப்பார்கள். அடியில் கிடப்பது பெரும்பாலும் ராத்திரி கடைசி நடைதான். எட்டுப் பேர், பத்துப் பேர் வந்திருப்பார்கள். டீசலுக்கே கட்டாது. சரி, அதை எடுத்துவிடலாம் என்று முடிவாகும். தாளை மட்டும் பார்த்தால் அதில் தப்பே தெரியாது.

இப்போது ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மதிய ஷிப்ட், ஒன்பது மணிக்கு முடியும். வழக்கமாக ஒன்பதேகால் பஸ்ஸில் ஏறிவிடுவார். பத்து மணி கடைசி பஸ்ஸில் அவர் ஏறுவதே அபூர்வம். ஆனால், மாற்று ஆள் வரத் தாமதமானாலும் பத்து மணிக்கு ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பஸ்ஸை நம்பி அந்த ஷிப்டுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த பஸ்ஸை எடுத்துவிட்டால் ஒன்பதேகால்தான் கடைசி. அதை விட்டால் அன்றைய கூலியில் பெரும்பகுதி வாடகை வண்டிக்குப் போகும், இல்லையென்றால் இருட்டில் நடக்க வேண்டும். இரண்டு தடவை அப்படி ஆனதும் கடன் வாங்கியாவது ஒரு ஸ்கூட்டர் எடுப்பார். அதுவும் முடியாதவர் வேலையை விடுவார்.

அதோடு, அவர் மதியம் ஏறி வந்த பஸ்ஸிலும் ஒரு டிக்கெட் போய்விட்டது. இந்த இழப்பு எந்தக் கணக்கில் விழுகிறது பாருங்கள். கடைசி நடையின் கணக்கில் விழவில்லை, அதுதான் ஓடவே இல்லையே. மதிய நடையின் கணக்கில் விழுகிறது. சில மாதம் கழித்து அதே தாளை மறுபடி எடுக்கும்போது மதிய நடைக்குக் கூட்டம் குறைந்திருக்கும். "ஜனங்கள் பஸ்ஸை விட்டுப் போகிறார்கள்" என்று எழுதுவார்கள், அதையும் எடுப்பார்கள். ஒரு தடம் இப்படி வாலிலிருந்து தேய்ந்து வருவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. ஏனென்றால் இதில் யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. நடை நடையாகப் பிரித்துப் பார்த்ததுதான் கோளாறு.

ஹெர்பர்ட் மோரிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1972-லேயே இதன் மறுபக்கத்தைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். அரை மணிக்கு ஒரு பஸ் என்றால், நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்கு வருகிறவர் சராசரியாகக் கால் மணி நேரம் நிற்பார். கூட்டம் கூடி, கால் மணிக்கு ஒன்று என்று விட்டால் ஏழரை நிமிடம்தான். புதிதாக வந்தவர்களால் பழைய பயணிகள் எல்லோருக்கும் காத்திருப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்த லாபத்துக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை, அது டிப்போ கணக்கில் வரவே வராது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மானியம் வேண்டும் என்பது அவர் வாதம். கருணையாகக் கொடுப்பது என்ற பேச்சே அதில் கிடையாது. எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும்.

சரி, மானியம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். பஸ்ஸை வாங்கக் கொடுக்கலாம், டிக்கெட்டைக் குறைக்கக் கொடுக்கலாம், பஸ்ஸை ஓட்டக் கொடுக்கலாம். மூன்றும் ஒன்று மாதிரித் தெரியும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஸ்டாப்பில் நிற்கிறவருக்கு மூன்றாவதுதான் கணக்கு.

வாங்கக் கொடுப்பது அரசுகளுக்கு எளிது. புது பஸ் வரிசையாக நிற்கும், கொடியசைத்துத் தொடங்கிவைக்கலாம். ஓட்டுகிற செலவு அப்படி இல்லை. வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கும், அதில் மிகப் பெரிய பங்கு பல நாடுகளில் ஓட்டுநர், பணியாளர் சம்பளம். அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, இரண்டு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்கள் மத்திய அரசின் வழக்கமான போக்குவரத்து நிதியை, சில விலக்குகள் தவிர, அன்றாடம் ஓட்டுகிற செலவுக்கு எடுக்க முடியாது. வண்டி வாங்கலாம், பணிமனை கட்டலாம். ஓட்டுநருக்குச் சம்பளம் உள்ளூர்ப் பணத்திலிருந்து வர வேண்டும். உள்ளூர் வரி வசூல் குறைந்தால் நடைகள் குறையும், நல்ல வண்டிகள் டிப்போவில் நிற்கும். பஸ் இல்லாமல் சேவை நிற்பது ஒரு ரகம், பஸ் இருந்தும் நிற்பது இது.

அடுத்து டிக்கெட். லக்சம்பர்க் 2020 பிப்ரவரி கடைசியிலிருந்து நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாவற்றையும் இலவசமாக்கியது, ரயில் முதல் வகுப்பு மட்டும் விலக்கு. எஸ்டோனியாவின் டாலின் நகரம் 2013-லேயே நகரில் பதிவு செய்து குடியிருப்பவர்களுக்கு இலவசம் என்றது. ஜெர்மனி 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதும் உள்ளூர் பஸ், ரயில் சீட்டு கொடுத்தது, கோடிக்கணக்கில் விற்றது. இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். டிக்கெட் காசுக்காகப் பயணத்தையே தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் டாலினில் புதிதாக ஏறியவர்களில் நிறையப் பேர் முன்பு நடந்து போனவர்கள், காரை விட்டு வந்தவர்கள் குறைவு. ஜெர்மனியில், ஒரு நாளைக்கு இரண்டே பஸ் வரும் கிராமத்தில் இருந்தவருக்கு அந்த 9 யூரோ சீட்டால் மூன்றாவது பஸ் வந்துவிடவில்லை. வராத பஸ்ஸில் டிக்கெட் என்ன விலை இருந்தால் என்ன?

ஆகவே ஒரே தொகையை டிக்கெட்டைக் குறைப்பது, பஸ்ஸை ஓட்டுவது என்ற இரண்டில் ஒன்றுக்குத்தான் கொடுக்க முடியும் என்றால், நான் நடைகளுக்குக் கொடுக்கச் சொல்வேன். அதிலும் ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும்.

"நஷ்டத்தில் ஓடுவதற்கு ஏன் வரிப்பணம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலையும் அப்படித்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளை வாகன ஓட்டிகளே பெட்ரோல் வரி கட்டிப் பராமரிக்கிறார்கள் என்பது பெரிய நம்பிக்கை. மத்திய வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993-லிருந்து அப்படியே நிற்கிறது. போதாமல் 2008 முதல் திரும்பத் திரும்பப் பொதுக் கருவூலத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சாலையை, கலெக்‌ஷன் இல்லை என்று ராத்திரி எட்டு மணிக்கு யாரும் மூடுவதில்லை.

முழுக்க லாபக் கணக்கிலேயே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் 1985 சட்டப்படி, 1986 அக்டோபரிலிருந்து லண்டனுக்கு வெளியே பஸ் தொழில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. கம்பெனிகள் கட்டுபடியாகும் தடங்களை எடுத்துக்கொண்டன. சாயங்காலம், ஞாயிறு, கிராமம் என்று மிஞ்சியதை உள்ளாட்சிகள் டெண்டர் விட்டுக் காசு கொடுத்து ஓட்ட வேண்டியிருந்தது. 2010-க்குப் பிறகு உள்ளாட்சிகளின் பணம் சுருங்கியபோது வெட்டு விழுந்தது அந்த நடைகளில்தான். பிறகு பெரிய மான்செஸ்டர் வட்டாரம் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பஸ்களை மறுபடி பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

பணத்துக்கு வழி இல்லை என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பிரான்சில் 1971-ல் பாரிஸ் வட்டாரத்தில் ஒரு வரி வைத்தார்கள், பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளப் பட்டியலின் மேல் ஒரு சதவீதக் கணக்கில் போக்குவரத்துக்குக் கட்ட வேண்டும். வேலைக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பதே பஸ்தான் என்னும்போது, இது நியாயமான வரி. லண்டன் 2003-ல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் வைத்தபோது, அதே நாளில் சுமார் 300 பஸ்களைக் கூடுதலாக இறக்கியது. முதலில் கட்டணம், பஸ் அப்புறம் என்று சொல்லியிருந்தால் மக்கள் ஏற்றிருப்பார்களா, தெரியாது.

புதுப்பணம் வராதபோதும் செய்ய முடிந்ததற்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் உதாரணம். 2015 ஆகஸ்டில் ஏறக்குறைய அதே செலவில் மொத்தத் தடங்களையும் கலைத்துப் போட்டார்கள். முக்கியத் தடங்களில் வாரத்தில் ஏழு நாளும் கால் மணிக்கு ஒரு பஸ். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நன்றாகவே கூடியது. இதற்கு விலையும் உண்டு. ஆள் குறைந்த சில பகுதிகளில் வழக்கமான பஸ் போய்விட்டது. நிறையப் பேரை ஏற்றுவதா, எல்லா இடத்துக்கும் போவதா? ஒரே பணம் இரண்டையும் முழுதாகச் செய்யாது. ஹூஸ்டனில் இந்தப் பங்கீட்டை முன்கூட்டியே வெளிப்படையாக முடிவு செய்தார்கள், அதைத்தான் நான் மதிக்கிறேன்.

கடைசியாக, "பெரிய பஸ் வேண்டாம், கூப்பிட்டால் வரும் வேன் போதுமே" என்ற யோசனை. சிலர் ஆப் மூலம் நடத்துகிறார்கள். ராத்திரிக்கு நல்லதுதான், ஆனால் சிக்கனம் என்று நினைக்காதீர்கள். வீடு வீடாகச் சுற்றும் வேன் மணிக்கு நாலைந்து பேரைத்தான் சேர்க்கும். ஓட்டுநர் ஒருவர் எப்படியும் வேண்டும். ஆகவே ஆள் ஒருவருக்கு ஆகும் மானியம் பல இடங்களில் பஸ்ஸைவிட அதிகமாகிவிடுகிறது. ரயில் நிலையத்திலிருந்து கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு மட்டும், ரயில் வரும் நேரத்தைப் பார்த்து விட்டால் கட்டுபடியாகும்.

உங்கள் பகுதியில் ஒரு நடையை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், அந்த நடையின் கலெக்‌ஷனோடு நின்றுவிடாதீர்கள். அதே ஆட்கள் அன்றைக்கு ஏறிய மற்ற நடைகளின் கலெக்‌ஷனையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். மின்னணு அட்டை உள்ள ஊர்களில் அந்தத் தகவல் அவர்கள் கையிலேயே இருக்கிறது.