எலிக்கு ஏன் ஹெபடைடிஸ் ஏ ஒட்டுவதில்லை?

அவையோருக்கு வணக்கம். ஹெபடைடிஸ் ஏ வைரஸைச் சாதாரண ஆய்வக எலியின் இரத்தக்குழாயில் ஏற்றினால் எதுவும் நடப்பதில்லை. செல்லுக்குள் நுழைய வழியில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தடுப்பது வாசல் அல்ல, உள்ளே இருக்கும் காவல். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆய்வாளர் ஸ்டான்லி லெமனின் குழு 2016இல் இதைக் காட்டியது.

செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ தென்பட்டால் தகவல் மாவ்ஸ் என்ற புரதத்துக்குப் போகும். அது ஐ.ஆர்.எஃப்3, ஐ.ஆர்.எஃப்7 என்ற, மரபணுக்களை இயக்கும் இரண்டு புரதங்களை உசுப்பிவிட, வைரஸுக்கு எதிராகச் செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் சுரக்கும். மனிதச் செல்லில் வைரஸின் நொதி மாவ்ஸை வெட்டிவிடுகிறது. எலியின் மாவ்ஸை அதனால் வெட்ட முடியவில்லை.

மாவ்ஸ் மரபணுவை நீக்கிய எலிகளின் ஈரலில் வைரஸ் பெருகி, மலத்திலும் வெளியேறியது. ஆனால் ஈரல் கெடவில்லை. இன்டர்ஃபெரானின் செய்தியை வாங்கும் ஏற்பியை மட்டும் நீக்கிய எலிகளிலோ வைரஸும் பெருகியது, ஈரல் கெட்டால் கசியும் ஏ.எல்.டி நொதியும் இரத்தத்தில் ஏறியது. இங்கே மாவ்ஸின் எச்சரிக்கை மணி அடிக்கிறது, கேட்க ஆளில்லை. ஆனால் அதே மணி ஈரல் செல்லைத் தற்கொலைக்கும் தள்ளுகிறது. நோய் எதிர்ப்புக்கான டி செல்கள்தாம் ஈரலைக் கெடுக்கின்றன என்று பாடம் படித்த நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

இன்டர்ஃபெரான் மரபணுக்களையும் அது விழிக்கச் செய்யும் மரபணுக்களையும் எலி ஈரலில் நீங்களே அளக்கப் போகிறீர்கள் என்றால் சில பள்ளங்கள் உண்டு. ஈரலை ஆர்.என்.ஏ காக்கும் திரவத்தில் இடும்போது துண்டின் தடிமன் அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுப்பகுதியில் திரவம் ஊறுமுன் ஆர்.என்.ஏ சிதைந்துவிடும். ஆல்ஃபா, பீட்டா இன்டர்ஃபெரான் மரபணுக்களில், ஆர்.என்.ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் என்ற இடைத்துண்டு கிடையாது; அவற்றின் டி.என்.ஏவும் ஆர்.என்.ஏவின் நகலும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே மாதிரியில் டி.என்.ஏ எச்சம் இருந்தால், நகலெடுத்து அளக்கும் பி.சி.ஆர் முறை அதையும் பெருக்கி, இல்லாத இன்டர்ஃபெரானை இருப்பதாகக் காட்டும். டி.என்.ஏஸ் நொதியால் கழுவுங்கள். ஆர்.என்.ஏவிலிருந்து டி.என்.ஏ நகல் எடுக்கும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். நொதி சேர்த்த குழாய்க்கும் அதற்கும் நகலை இரட்டிக்கும் பி.சி.ஆர் சுற்றுகளில் 3.3 மட்டுமே வித்தியாசம் என்றால், பத்தில் ஒரு பங்கு சமிக்ஞை வெறும் டி.என்.ஏ.

இன்டர்ஃபெரானால் விழிக்கும் எம்.எக்ஸ்1 மரபணுவைச் சி57பி.எல்/6 என்ற ஆய்வக எலி இனத்தில் நம்ப வேண்டாம். அந்த இனத்தில் அது பிறவியிலேயே பழுதானது. அதைக் கொண்டு 'பாதுகாப்பு இல்லை' என்று முடிவெழுதினால் தப்பு வைரஸுடையதல்ல. இன்டர்ஃபெரானால் விழிக்கும் இஃபிட்1, ஐ.எஸ்.ஜி15 போன்ற பிற மரபணுக்களைச் சேர்த்து அளப்பதே சரி.

ஒப்பிடும் எலிகள் ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளாக இருக்கட்டும். அரைத்த ஈரலில் அழற்சிக்காக வந்து குவிந்த இரத்த வெள்ளணுக்களின் குரலும் கலந்திருக்கும். மரபணு எந்தச் செல்லில் விழித்தது என்று தெரிய, மெல்லிய ஈரல் சீவலில் சாயமிட்டுத்தான் பார்க்க வேண்டும்.